பாறைத் திட்டும் பதிவுச் சீட்டும்

நுழையும்முன்

பாறையின்மீது காசளவே பரந்திருக்கும் சாம்பல்நிறத் திட்டு ஒன்று காகித உறைக்குள் புகுகிறது. ஒரு சீட்டும் ஓர் எண்ணும் பெறுகிறது. நூறாண்டுகளுக்குப் பின்னரும் சான்று கூறும் பொருளாகிறது. லைக்கென் மாதிரிகளைத் திரட்டுதல், பெயரறிதல், பதிவு செய்தல் ஆகிய பணிகளையும், அவற்றுள் ஒரு சிறு சீட்டு வகிக்கும் இடத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திருத்தணி முருகன் கோவிலுக்குப் படிவழியே ஏறுவோர் 365 படிகளைக் கடக்கின்றனர். அவை ஓராண்டின் நாள்களைக் குறிப்பன என்பது மரபு. ஆண்டிறுதியில் நிகழும் படித்திருவிழாவில் அடியார்கள் படிக்கொரு பாடலாகப் பாடிச் செல்வர். படிகளை எண்ணி ஏறும் கண்கள் அம்மலையின் பாறைகளை உற்றுநோக்குவது அரிது. நோக்கினால், கரும்பாறையின் முகத்தில் வெண்மை, சாம்பல், மங்கிய பச்சை, சில இடங்களில் மஞ்சளும் செம்மஞ்சளுமாக வட்டவட்டமான திட்டுகள் படிந்திருப்பதைக் காணலாம். சுண்ணாம்பு சிந்திய கறை என்றோ, மழைநீர் வடிந்த தடம் என்றோ பலரும் எண்ணிக் கடந்துவிடுவர். தமிழகத்தின் வறண்ட குன்றுகள் பலவற்றிலும் இக்காட்சி உண்டு. அவை கறைகள் அல்ல, உயிர்கள். லைக்கென்கள் என்பது அவற்றின் பெயர்.

கோடையில் அவற்றைத் தொட்டால் உலர்ந்த தூள்போல உதிரும். முதல் மழை பெய்த சில நிமிடங்களில் அதே திட்டு பசுமை காட்டும். நீர் பட்டதும் மேல்தோல் ஒளியூடுருவும் தன்மை பெற, உள்ளிருக்கும் பாசியின் நிறம் வெளித்தெரிவதே இதற்குக் காரணம். நீரின்றி மாதக்கணக்கில் செயலற்றுக் கிடந்து, நனைந்தவுடன் உணவு ஆக்கத் தொடங்கும் இவ்வியல்பால்தான் வேறெந்தத் தாவரமும் பற்றமுடியாத மொட்டைப் பாறையிலும் லைக்கென் வாழ்கிறது.

ஓருடலில் ஈருயிர்

லைக்கென் என்பது தனியோர் உயிரினம் அன்று. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும், அல்லது ஒரு பூஞ்சையும் நீலப்பச்சைப் பாக்டீரியமும், பிரித்தறிய இயலாதவாறு இணைந்து அமைத்த கூட்டுடல். பூஞ்சை தன் இழைகளால் உடலைக் கட்டுகிறது; ஈரத்தைப் பிடித்து வைக்கிறது; கடும் வெயிலிலிருந்து காக்கிறது. பாசி ஒளிச்சேர்க்கையால் உணவளிக்கிறது. இவ்வுண்மையை 1867இல் சுவிட்சர்லாந்துத் தாவரவியலார் சைமன் ஷ்வெண்டனர் எடுத்துரைத்தபோது, அக்காலத்து லைக்கென் அறிஞர் பலர் அதனை ஏற்க மறுத்தனர். தாம் வாழ்நாள் முழுவதும் பெயரிட்டு வகைப்படுத்திய உயிரினங்கள் தனி உயிரினங்களே அல்ல என்பதை ஏற்பது எவர்க்கும் எளிதன்று அல்லவா? இன்று ஒரு லைக்கெனுக்கு வழங்கப்படும் அறிவியற் பெயர், விதிமுறைப்படி, அதிலுள்ள பூஞ்சைக்கே உரியது. உடனுறையும் பாசிக்குத் தனிப்பெயர் உண்டு.

லைக்கென் நமக்கு அயலான பொருளும் அன்று. செட்டிநாட்டுச் சமையலில் மணமூட்டும் கல்பாசி ஒரு லைக்கென். பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ ஆகியவற்றோடு அஞ்சறைப்பெட்டியில் கருகிய காகிதத் துண்டுபோல அது கிடப்பதைக் கண்டிருப்போம். வேதியியல் ஆய்வகத்தில் அமிலத்தையும் காரத்தையும் இனங்காணப் பயன்படும் லிட்மஸ் சாயமும் ரோசெல்லா முதலிய லைக்கென்களிலிருந்து எடுக்கப்பட்டதே.

உலகில் ஏறத்தாழ 20,000 லைக்கென் இனங்களும், இந்தியாவில் மட்டும் 2,000க்கும் மேற்பட்டனவும் அறியப்பட்டுள்ளன. தோற்றத்தால் இவற்றை மூவகைப்படுத்துவர். பாறையோடும் பட்டையோடும் பூச்சுப்போல ஒட்டி, பிரித்தெடுக்க இயலாதிருப்பவை ஓட்டு வகை. இலைபோல் மடல்விட்டு, அடியிலுள்ள நுண்வேரிழைகளால் பற்றியிருப்பவை இலை வகை. கிளைத்துத் தொங்குவனவும் நிமிர்ந்து நிற்பனவும் புதர் வகை. வெப்பமும் வறட்சியும் மிகுந்த சமவெளிக் குன்றுகளில் ஓட்டு வகையே மிகுதி. நீலகிரி, பழனிமலை போன்ற குளிர்ந்த மலைகளுக்குச் சென்றால் மரக்கிளைகளில் தாடிபோலத் தொங்கும் புதர் வகையைக் காணலாம்.

மறைந்தபின் யார் அறிவார்?

லைக்கெனுக்கு உண்மையான வேர் இல்லை. இலைகளைப் போன்ற மெழுகுப் பூச்சும் இல்லை. காற்றிலும் மழைநீரிலும் வருவன அனைத்தையும் அது உடல் முழுவதாலும் உறிஞ்சுகிறது. நல்லதை மட்டும் கொண்டு தீயதை விலக்கும் வழி அதற்கில்லை. எனவே கந்தக ஈராக்சைடு மிகுந்த காற்றில் பல இனங்கள் அழிந்துபடுகின்றன. 1866இல் பாரீசில் வாழ்ந்த வில்லியம் நைலாண்டர் என்னும் ஃபின்லாந்து நாட்டு அறிஞர், அந்நகரின் லக்சம்பர்க் தோட்டத்து மரங்களில் வளரும் லைக்கென்களைப் பட்டியலிட்டார். நகரின் பிற பகுதிகளில் காணப்படாத இனங்கள் அத்தோட்டத்தில் இருப்பதைக் கண்டு, காற்றின் தூய்மையை அளக்கும் கருவியாக லைக்கென்கள் அமையும் என எழுதினார். பின்னாளில் அத்தோட்டத்திலும் அவை மறைந்தன. அவர் பட்டியலிட்டிராவிடில், மறைந்தன என்னும் செய்தியும் நமக்குக் கிட்டியிராது.

பறவை வராது போனால் ஊரார் அறிவர்; ஏரி வற்றினால் உழவர் அறிவர். பாறையிலிருந்து ஒரு சாம்பல்நிறத் திட்டு நீங்கினால் அதனை அறிந்து சொல்வார் இலர். ஓட்டு வகை லைக்கென்களுள் பல ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுகூட வளர்வதில்லை. உள்ளங்கை அகலத் திட்டு ஒன்று நம் பாட்டன், பூட்டன் காலத்திலேயே தொடங்கியதாக இருக்கலாம். அத்தகைய பாறை ஒரே நாளில் கல்லுடைப்பிற்கோ, விளம்பரம் எழுதும் வண்ணப்பூச்சிற்கோ இரையாகிவிடும். அங்கு என்ன இருந்தது என்பதற்கு உலர்தாவரத் தொகுப்பகத்தில் உள்ள ஓர் உறையே எஞ்சும் சான்றாகலாம். ஹெர்பேரியம் என்று வழங்கப்படும் இத்தொகுப்பகங்களில் பாடம்செய்த தாவரங்களோடு பாசி, பூஞ்சை, லைக்கென் ஆகியவையும் பேணப்படுகின்றன.

களப்பணி

லைக்கென் திரட்டுவோருக்குத் தேவையான கருவிகள் மிகச் சில. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைவில்லை, உளி, சுத்தியல், கூரிய கத்தி, நீர் தெளிக்கும் சிறு புட்டி, காகித உறைகள், குறிப்பேடு, பென்சில். கல்லில் உளி வைக்கும்போது சில்லுகள் தெறிக்குமாதலால் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் வேண்டும். மை மழையில் கரையும் என்பதால் பென்சில்.

இலை வகையை உலர்ந்த நிலையில் பிடுங்கினால் நொறுங்கிவிடும். நீரைத் தெளித்துச் சற்றுப் பொறுத்தால் அது தோல்போல் மென்மையாகும். அதன்பின் கத்தி முனையால் அடிவேரிழைகளை விடுவித்து முழுமையாக எடுக்கலாம். மரப்பட்டையில் வளரும் ஓட்டு வகையைப் பட்டையின் மெல்லிய மேற்செதிலோடு சீவி எடுப்பர். உயிருள்ள உட்பட்டையில் கத்தி படலாகாது. பாறையில் வளரும் ஓட்டு வகைதான் திரட்டுவோரின் பொறுமையைச் சோதிப்பது. அதனைக் கல்லோடு சேர்த்தே எடுக்கவேண்டும். கருங்கல்லின் நடுமுகத்தில் உளியை வைத்தால் லைக்கென் தூளாகுமேயன்றிக் கல் பெயராது. வெயிலாலும் மழையாலும் பாறையின் மேற்பரப்பு ஏடு ஏடாகப் பிரியத் தொடங்கும் விளிம்பைக் கண்டறிந்து, உளியைச் சாய்த்துப் பிடித்துத் தட்டினால், மெல்லிய சில்லு ஒன்று லைக்கெனோடு கழன்று வரும். ஒரு முற்பகலில் நான்கைந்து நல்ல சில்லுகள் கிடைத்தாலே அது பயனுள்ள நாள்.

எடுத்த மாதிரியை நெகிழிப் பையில் இடுவது தொடக்கநிலையாளர் செய்யும் பிழை. உள்ளே ஈரம் தேங்கி, ஓரிரு நாளில் பூசணம் படர்ந்துவிடும். காகித உறையே ஏற்றது. நாளேட்டுத் தாளை மடித்துச் செய்த உறையும் களத்தில் போதுமானது. பூந்தாவரங்களைப் போல அழுத்திப் பாடம்செய்ய வேண்டியதில்லை. நிழலில் காற்றோட்டமாக உலர்த்தினால் போதும்.

எங்கிருந்து எடுக்கலாம், எவ்வளவு எடுக்கலாம் என்பவை கருவிகளினும் முதன்மையான வினாக்கள். காப்புக்காட்டில் வனத்துறையின் இசைவும், கோவிலுக்குரிய நிலத்தில் கோவில் நிருவாகத்தின் இசைவும் பெறுதல் கட்டாயம். படிக்கட்டு, மண்டபம், சிற்பம், கல்வெட்டு ஆகியவற்றில் உளி பட இடமே இல்லை. அங்குள்ளவற்றைப் படம் எடுத்துப் பதிவு செய்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு திட்டு மட்டும் காணப்படும் இடத்தில் அதனையும் எடுத்துவிடுதல் தகாது. பரவலாக உள்ள இடத்திலும் ஒரு பகுதியை எடுத்துப் பெரும்பகுதியை விட்டுவர வேண்டும். அழியப்போகிறது என்று அஞ்சிப் பதிவு செய்யப் போகிறவரே அதனை அழித்தவராகிவிடும் இடர் இப்பணியில் எப்போதும் உண்டு. நெடுங்காலம் வளர்ந்ததைக் கைப்பிடி நேரத்தில் பெயர்க்கிறோம் என்னும் நினைவு உளியைப் பிடித்த கைக்கு இருக்கவேண்டும்.

கோவில்கள் நிறைந்த நம் நாட்டில் இதற்கு நேர்மாறான ஒரு சிக்கலும் உண்டு. லைக்கென்கள் சுரக்கும் அமிலங்கள் கல்லை மெல்ல அரிக்கும். பூஞ்சை இழைகள் கற்பரல்களுக்கிடையே ஊடுருவும். ஆதலால் தொல்லியல் துறையினர் பழங்கோவில்களின் கற்சுவர்களிலிருந்து அம்மோனியா கலந்த கரைசல் முதலியவற்றால் லைக்கென்களை அகற்றுகின்றனர். சிற்பத்தைக் காப்பவர்க்கு லைக்கென் பகை. தாவரவியலார்க்கு அதுவே செல்வம். சிற்பத்தைக் காப்பதே முதற்கடமை என்பதில் ஐயமில்லை. ஆயினும் தூய்மைப்பணி தொடங்குமுன் அச்சுவரில் வாழ்ந்தவை எவை என ஒருவர் குறித்துவைத்தல் அப்பணிக்குத் தடையாகாது. அகற்றப்படும் பொருள் குப்பைக்குச் செல்வதைவிட உறைக்குள் செல்வது நன்று.

சீட்டில் எழுதப்படுவது

மாதிரி எடுத்த இடத்திலேயே குறிப்பெழுதிவிட வேண்டும். மாலையில் விடுதிக்குத் திரும்பி நினைவிலிருந்து எழுதலாம் என எண்ணினால், எந்தச் சில்லு எந்தப் பாறையினது என்பது மயங்கிவிடும். திரட்டுபவர் ஒவ்வொரு மாதிரிக்கும் தம் தொடரெண் ஒன்றைத் தருவார். அவ்வெண் ஊர்தோறும் ஒன்றிலிருந்து தொடங்குவதில்லை. அவர் வாழ்நாள் முழுவதும் ஒரே வரிசையாகச் செல்லும். அவ்வெண்ணே உறையிலும் குறிப்பேட்டிலும் இடம்பெறும். பாறையா, மரமா, மண்ணா, மரமாயின் எம்மரம், பாறையாயின் எத்திசை நோக்கிய முகம், நிழலா வெயிலா, நீர் வடியும் தடமா, உயிருடன் இருந்தபோது என்ன நிறம், நாள், இடம், கடல்மட்டத்திலிருந்து உயரம், திரட்டியவர் பெயர் ஆகியவை குறிக்கப்படும். நாளைக் குறிக்கும்போது மாதத்தை எழுத்தால் எழுதுவது நல்ல வழக்கம். எண்ணால் மட்டும் எழுதினால் 7.8 என்பது ஆகஸ்டு ஏழா, ஜூலை எட்டா என்னும் ஐயம் அயல்நாட்டு ஆய்வாளருக்கு எழும்.

இவற்றுள் 'இடம்' என்பதே மிக எளிதாகத் தோன்றி, மிகுந்த இடர் விளைப்பது. 'திருத்தணி' என்று எழுதினால் போதாதா எனக் கேட்கலாம். திருத்தணியின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். 1911ஆம் ஆண்டிற்கு முன் இம்மலையில் ஒருவர் ஒரு சில்லை எடுத்திருந்தால், 'சென்னை மாகாணம், வட ஆர்க்காடு மாவட்டம்' என எழுதியிருப்பார். அவ்வாண்டில் சித்தூர் மாவட்டம் உருவானது; அதன்பின் வந்தவர் அம்மாவட்டப் பெயரை எழுதியிருப்பார். 1953இல் ஆந்திர மாநிலம் தனியே பிரிந்தது. 1956இல் அது ஆந்திரப் பிரதேசமாயிற்று. ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் விளைவாக, 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்து, செங்கற்பட்டு மாவட்டத்திற்கு உரியதாயிற்று. 1969இல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என மாறியது. 1997இல் திருவள்ளூர் மாவட்டம் பிறந்தது.

ஒரே பாறை, அது ஓரங்குலமும் நகரவில்லை. ஆயினும் நூறாண்டுக்குள் அதன் முகவரி பலமுறை மாறிவிட்டது. சித்தூர் மாவட்டம் என்று மட்டும் எழுதப்பெற்ற பழைய சீட்டைக் காணும் இன்றைய பட்டியலாளர், அதனை ஆந்திரப் பிரதேசத்து லைக்கென்களின் வரிசையில் சேர்த்துவிடக்கூடும். தமிழ்நாட்டின் பட்டியலில் அவ்வினம் இடம்பெறாமலே போகும். 1888இல் இவ்வூரில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணனின் பிறப்பிடத்தைக் கூற வரும் நூல்களிலும் ஒன்று வட ஆர்க்காடு என்றும் மற்றொன்று திருவள்ளூர் என்றும் குறிப்பது இதனாலேயே. ஊர்ப்பெயரின் எழுத்திலும் இடர் உண்டு. திருத்தணியை ஆங்கில எழுத்துகளால் எழுதுவோர் ஒருவர் எழுதுவதுபோல் மற்றொருவர் எழுதுவதில்லை. கணினியில் ஒரு வடிவத்தைத் தேடினால் மற்றவை அகப்படா. தணிகை என்னும் பெயரும் வழக்கில் உண்டே!

இதனால் இக்காலச் சீட்டுகளில் மாநிலம், மாவட்டம், வட்டம், ஊர் ஆகியவற்றோடு அகலாங்கும் நெட்டாங்கும் தவறாது இடம்பெறுகின்றன. திருத்தணி ஏறத்தாழ வடக்கு 13.18 பாகை, கிழக்கு 79.61 பாகையில் உள்ளது. எல்லைகள் எவ்வாறு மாறினும் இவ்வெண்கள் மாறா. ஆனால் எண்கள் மட்டும் போதும் என்பதும் பிழையே. ஓர் இலக்கம் தவறினால் மலைமேலிருந்த மாதிரி பல கல் தொலைவில் நெல்வயலின் நடுவே சென்றுவிடும். 'திருத்தணி மலை, வடக்கு நோக்கிய பாறைச் சரிவு, புதர்க்காட்டின் விளிம்பு' என்று சொல்லாலும் எழுதியிருந்தால் அப்பிழையைப் பின்னர் எவரும் கண்டு திருத்தலாம். எண்ணும் எழுத்தும் ஒன்றையொன்று காக்கும்.

மலையைக் காணாதவர் எழுதிய பட்டியல்

சீட்டை நம்பியே ஓர் ஆய்வு நடைபெறும் என்பதற்குத் தமிழகத்தின் மலையொன்றே பழைய சான்று. பெரோத்தே என்னும் பிரெஞ்சுத் தாவரவியலார் புதுச்சேரியில் பணியாற்றியவர். அவர் நீலகிரியில் அலைந்து பாசி, பூஞ்சை, லைக்கென் முதலிய பூவாத் தாவரங்களைத் திரட்டினார். அவை கப்பலேறிப் பாரீசு சென்றன. அங்கு அவற்றை ஆராய்ந்தவர் காமில் மோந்தாஞ். இராணுவ மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றபின் பூவாத் தாவரங்களின் ஆய்வில் ஈடுபட்டவர். நீலகிரியின் பூவாத் தாவரங்களைப் பற்றி 1842இல் இலத்தீன் மொழியில் அவர் வெளியிட்ட பட்டியல், தென்னிந்திய லைக்கென்களைப் பற்றிய தொடக்ககால நூல்களுள் ஒன்று.

மேசைமேல் விரித்த உறைகளும் அவற்றோடு வந்த குறிப்புகளுமே மோந்தாஞ்சுக்குக் கிட்டிய நீலகிரி. சோலையின் ஈரமும் புல்வெளியின் காற்றும் அவற்றில் எழுதப்பட்ட அளவே அவருக்குத் தெரியவந்தன. எழுதாது விட்டதை அவர் பெரோத்தேயிடம் கேட்டிருந்தால், மறுமொழி வரப் பல திங்கள் ஆகியிருக்கும். இன்றைய ஆய்வாளருக்கோ கேட்பதற்கு அவர்கள் இருவரும் இல்லை. அவருடைய பெயரைத் தமிழகக் கடற்கரையோர மரங்களில் வளரும் லைக்கென் ஒன்று இன்றும் தாங்கி நிற்கிறது: ரோசெல்லா மோந்தாஞ்சி. லிட்மஸ் தரும் குடும்பத்தைச் சேர்ந்தது அது.

ஒரு துளியில் தெரியும் பெயர்

உலர்ந்த மாதிரி ஆய்வகம் வந்தபின் பெயரறியும் பணி தொடங்குகிறது. உருப்பெருக்கியின் கீழ் மடலின் அகலம், விளிம்பு, அடிப்பகுதியின் நிறம், கிண்ணம்போன்ற கனியுடல்கள், தூள்போல உதிரும் இனப்பெருக்கத் துணுக்குகள் ஆகியவற்றைக் காண்பர். கனியுடலைச் சவர அலகால் மெல்லியதாகச் சீவி, நுண்ணோக்கியில் அதன் வித்துகளை அளப்பர். எனினும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும் இனங்கள் பல. அங்கே வேதியியல் துணைக்கு வருகிறது.

லைக்கென்கள் தமக்கே உரிய அமிலங்கள் பலவற்றை உருவாக்குகின்றன. இவற்றைக் கண்டறிய எளிய சோதனையைப் புகுத்தியவரும் லக்சம்பர்க் தோட்டத்தைப் பட்டியலிட்ட அதே நைலாண்டரே. ஆண்டும் அதே 1866. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஒரு துளி, சலவைத்தூள் கரைசலில் ஒரு துளி. கண்ணாடிக் குச்சியால் தொட்டு வைத்துக் காத்திருக்க வேண்டும். பாறைகளில் செம்மஞ்சளாகத் தெரியும் கலோபிளாக்கா இனங்கள் பலவற்றில் முதல் துளி பட்டதும் ஊதா நிறம் பொங்கி எழும். ரோசெல்லா மோந்தாஞ்சியில் சலவைத்தூள் கரைசல் சிவப்பு நிறம் காட்டும். அந்நிறம் நொடிகளில் மறைந்துவிடக் கூடுமாதலால் இமைக்காது நோக்கவேண்டும். இருபதாம் நூற்றாண்டில் ஜப்பானிய அறிஞர் யசுஹிகோ அசஹினா மூன்றாவதாக ஒரு வேதிப்பொருளைச் சேர்த்தார். அது நச்சுத்தன்மை உடையது. பள்ளி ஆய்வகத்தில் கையாளத் தக்கதன்று. புறஊதா விளக்கின் கீழ்ச் சில இனங்கள் ஒளிரும். சமவெளி ஊர்களின் மரங்களில் இயல்பாகக் காணப்படும் பிக்ஸின் கோக்கோயிஸ் என்னும் சாம்பல்நிற லைக்கென் அவ்வொளியில் மஞ்சளாக மின்னும். மாசைத் தாங்கி வாழும் இயல்பினது ஆதலால், காற்றிலுள்ள உலோகங்களை அறிய இந்தியாவில் அது பயன்படுத்தப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

உலர்தாவரத் தொகுப்பகங்கள் ஒவ்வொன்றும் உலக அளவில் ஒரு குறியெழுத்தால் அறியப்படுகின்றன. 1853இல் சென்னையில் தொடங்கப்பெற்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயம்புத்தூருக்கு மாற்றப்பெற்ற மெட்ராஸ் உலர்தாவரத் தொகுப்பகத்தின் குறி 'எம்.எச்.' என்பதாகும். இன்று அது இந்தியத் தாவரவியல் கள ஆய்வுத் துறையின் தென்மண்டல மையத்தில் உள்ளது. ஆய்வுக் கட்டுரையில் ஒரு மாதிரியின் எண்ணோடு இக்குறியையும் எழுதினால், அது எந்தக் கட்டடத்தில் உள்ளது என்பதை எந்நாட்டவரும் அறிவர்.

உறையும் பேரேடும்

பெயரறிந்த மாதிரி நிலையான உறைக்குள் செல்கிறது. அமிலமற்ற தடித்த தாளை நாற்புறமும் மடித்து இவ்வுறையைச் செய்வர். பசை தேவையில்லை, எப்போது வேண்டுமாயினும் பிரித்து நோக்கி மீண்டும் மடிக்கலாம். கற்சில்லு உறையைக் கிழிக்காதிருக்க அதனை ஓர் அட்டையில் ஒட்டுவர். பூச்சிகளை அழிக்கப் பழங்காலத்தில் உலர்தாவரங்களுக்கு நஞ்சு பூசினர். அந்நஞ்சு கையாளுபவரையும் விடவில்லை. இப்போது சுழியத்திற்குக் கீழ் 20 பாகை குளிரில் சில நாள் வைத்தெடுத்தல் பெருவழக்கு. அதன்பின் தொகுப்பகத்தின் பேரேட்டில் மாதிரி பதியப்பட்டு, பதிவெண் பெறுகிறது. திரட்டியவரின் தொடரெண் வேறு, இப்பதிவெண் வேறு. முன்னது களத்தைச் சுட்டும். பின்னது அலமாரியைச் சுட்டும். இரண்டையும் மயக்கிப் பட்டியலில் ஏற்றிவிட்டால் மாதிரி இருந்தும் இல்லாததாகிவிடும்.

இந்திய லைக்கென்களைப் பற்றிய செய்திகள் ஐரோப்பிய நூலகங்களில் சிதறிக் கிடந்த நிலையை மாற்றியவர் தரணிதர் அவஸ்தி. இலக்னோ பல்கலைக்கழகப் பேராசிரியராகிய அவர் இமயமலை முதல் தமிழகத்து மலைகள்வரை லைக்கென்களைத் திரட்டினார். இந்தியா, நேபாளம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து அதுவரை அறியப்பட்ட லைக்கென்களின் பட்டியலை 1965இல் வெளியிட்டார். அப்பட்டியல் வந்தபின்னரே ஒரு மாதிரி புதியதா, முன்பே அறியப்பட்டதா என்பதை நம் நாட்டிலிருந்தவாறே முடிவு செய்யும் வழி எளிதாயிற்று. பெயரறிய உதவும் வழிகாட்டி நூல்களை 1988இலும் 1991இலும் அவர் எழுதினார். அவர் திரட்டிய மாதிரிகள் இன்று இலக்னோவிலுள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பேணப்படுகின்றன. புனேயிலுள்ள அகர்கர் ஆராய்ச்சி நிறுவனத்திலும் பெருந்தொகுப்பு உண்டு.

அலமாரியில் அடங்கியதோடு மாதிரியின் வாழ்வு முடிவதில்லை. பழைய மாதிரிகளில் தங்கிய உலோகங்களை அளந்து, அது எடுக்கப்பட்ட நாளின் காற்று எத்தகையது என்பதை ஆய்வாளர் கணிக்கின்றனர். திரட்டியவர் கனவிலும் கருதாத பயன் இது. ஆனால் அதற்கு நாளும் இடமும் வேண்டும். சீட்டிழந்த மாதிரி எத்துணை அழகியதாயினும், தொகுப்பக அலுவலர் அதனை மாணவர்க்குக் காட்டும் பெட்டியில்தான் வைப்பார்.

பெயரும் நிலையானதன்று. கல்பாசியைப் பார்மீலியா பெர்லேட்டா எனப் பல நூல்கள் குறித்தன. மூலிகை நூல்களில் இன்றும் அப்பெயரைக் காணலாம். பின்னர் அதன் பேரினம் பிரிக்கப்பட்டுப் பார்மோட்ரீமா பெர்லேட்டம் என்றாயிற்று. இவ்வாறு பெயர் மாறும்போது தொகுப்பகத்தில் பழைய சீட்டை எவரும் அடிப்பதில்லை, அழிப்பதில்லை, அதன்மேல் எழுதுவதும் இல்லை. மாதிரியை மீண்டும் ஆராய்ந்தவர் தாம் கண்ட பெயரையும், தம் பெயரையும், ஆண்டையும் சிறு தாளில் எழுதி, பழைய சீட்டின் அருகே ஒட்டுகிறார். அவர் கண்டது பிழையாயின், அடுத்து வருபவர் மற்றொரு தாளை ஒட்டுவார். மூன்று தலைமுறை அறிஞரின் கையெழுத்து ஒரே உறையில் அடுத்தடுத்து இருப்பதைத் தொகுப்பகங்களில் காணலாம். அதனால் உறை மடிப்போர் அதன் முகப்பில் சீட்டை நடுவே ஒட்டாமல் ஓரமாக ஒட்டி, இன்னும் இரண்டு தாள்களுக்கேனும் இடம் விடுகின்றனர்.